தாலிக்கு முன்னால் பந்தி

அந்தக் காலத்தில், எண்களும் ஓணான்களும் வாய் ஓயாமல் பேசித் திரிந்தபோது, கணினி ராஜா வீட்டில் ஒரு கல்யாணம். சடங்குக்கொரு கோப்பாக எழுதி, எண்களின் தலையில் ஏற்றிவிட்டார் ராஜா. ஒன்றிடம் பிள்ளையார் பூஜை. இரண்டிடம் தாலிகட்டு. பத்திடம் பந்தி. பதினொன்றிடம் தாம்பூலப் பை கொடுத்து வழியனுப்புவது. எந்தக் கோப்பு உள்ளே வருகிறதோ, அந்தக் காரியத்தை உடனே முடிக்க வேண்டும் என்பது மண்டபத்தில் உத்தரவு.

வாசற்காவலுக்கு நிரல் என்ற ஓணான். வேலையில் படு கறார், எண்ணத்தான் தெரியாது. வரும் எண்ணில் முன்னால் நிற்கும் இலக்கத்தின் முகத்தை மட்டும் பார்க்கும். சின்ன முகமாக இருந்தால் முதலில் தலையாட்டும்.

ஒன்று உள்ளே போனது. இரண்டு காலெடுத்து வைப்பதற்குள் பத்தும் பதினொன்றும் இடித்துக்கொண்டு நுழைந்துவிட்டன.

"ஏங்க, அடுத்தது நான்தானே?"

"அவங்க ரெண்டு பேருக்கும் முன்னால தெரியுறது ஒண்ணோட முகம். பின்னால யார் வந்தா எனக்கென்ன? ஒண்ணு வீட்டு ஆளுங்க எல்லாரும் போகட்டும், நில்லு."

உள்ளே இலை போட்டாயிற்று. பாயசம் முடிந்து பையும் கொடுத்தாயிற்று. மாப்பிள்ளை தாலியைக் கையில் வைத்துக்கொண்டு திருதிருவென்று விழித்தார். "முகூர்த்தம் முடியப்போகுதே!" என்று புரோகிதக் கொக்கு கத்தியது வாசல் வரை கேட்டது. இரண்டுக்கு அழுகையே வந்துவிட்டது. தன்னால் ஒரு கல்யாணம் நின்றுபோகுமே! போதாததற்கு, பன்னிரண்டு முதல் பத்தொன்பது வரை வழியை மறித்துக்கொண்டு நின்றன.

வேலை எதுவும் கிடைக்காத ஒரு பூஜ்யம் பந்தல்காலில் சாய்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தது. இரண்டு அதன் கையைப் பிடித்தது.

"அண்ணே, கொஞ்சம் எனக்கு முன்னால நடந்து வாங்களேன்."

"நானா? என்னை எல்லாரும் பின்னாலதானே நிறுத்துவாங்க!"

"இன்னிக்கு நீங்கதான் முன்னால."

பூஜ்யம் நெஞ்சை நிமிர்த்தி நடந்தது. ஓணான் உற்றுப் பார்த்தது. ஒன்றைவிடச் சின்ன முகம்! "வழி விடுங்க, வழி விடுங்க!" என்று கழுத்து வலிக்கத் தலையாட்டியது.

கெட்டிமேளம் முழங்கியது. பையோடு தெருமுனை வரை போனவர்கள் திரும்ப ஓடிவந்து அட்சதை போட்டார்கள்; அந்தச் சாக்கில் இன்னொரு தடவை சாப்பிட்டும் விட்டார்கள். ராஜா எவ்வளவோ சொல்லிப் பார்த்தார், ஓணான் மட்டும் தன் வழக்கத்தை விடவில்லை.

அன்று முதல்தான், விவரம் தெரிந்தவர்கள் கணினியில் கோப்புக்கு எண் போடும்போது 01, 02 என்று பூஜ்யத்தை முன்னால் நடக்கவிடுகிறார்கள். மறந்தவர்கள் வீட்டில் இன்றைக்கும் தாலிக்கு முன்னால் பந்திதான்.