சென்னியப்பன் மூட்டை மிஷின் பார்த்து வந்த கதை

சென்னியப்பன் பொய் சொல்கிற ஆள் இல்லை. நடந்ததை நடந்தபடி சொல்வார். என்ன, நடக்காததையும் கூடச் சேர்த்துச் சொல்வார். தாராபுரம் வட்டாரத்தில் அவருடைய மாட்டுத் தீவன மில்லைத் தெரியாதவர்கள் உண்டு, அவர் வாயைத் தெரியாதவர்கள் கிடையாது.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை பஸ்ஸை விட்டு இறங்கி மில்லுக்கு நடக்கையில் அந்த வாய்க்கே உள்ளூர உதறல். சங்கதி இதுதான். மில் ஓடுவதே ஒரு பாலக்காட்டு வியாபாரியின் ஆர்டரால். மண்வெட்டியில் அள்ளிப் போடுகிற மூட்டை ஒன்று எடை குறைகிறது, ஒன்று கூடுகிறது என்று அவருக்கு வெகுநாள் கோபம். "மூட்டை பிடிக்க மிஷின் போடுங்க. புதன்கிழமை வந்து பார்ப்பேன். இல்லாட்டி வேற மில் பார்த்துக்கறேன்" என்று கறாராகச் சொல்லிவிட்டார். கோயமுத்தூரில் மிஷின் கண்காட்சி நடக்கிறது, நல்லதாக ஒன்றைப் பார்த்துக் கையோடு லாரியில் ஏற்றி வாருங்கள் என்று மனைவி தெய்வானை ஞாயிற்றுக்கிழமை விடியலிலேயே அவரைப் பஸ் ஏற்றிவிட்டாள்.

வழியில் பல்லடத்தில் சினேகிதன் வீட்டுக் கிடாவிருந்து. ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுப் போகலாமே என்று இறங்கினார். அந்த ஒரு வாய் பொழுது சாய்கிற வரைக்கும் நீண்டது. அங்கேயே படுத்து எழுந்து, திங்கட்கிழமை கோயமுத்தூர் போய்ச் சேர்ந்தால், கண்காட்சி முந்தின நாளோடு முடிந்து பந்தல்காரர்கள் தகரம் பிரித்துக்கொண்டிருந்தார்கள். இப்போது வெறுங்கையோடு வந்து நிற்கிறார். உள்ளதைச் சொன்னால் தெய்வானை முகத்தில் எப்படி முழிப்பது? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தே ஆகவேண்டும்.

மில் வாசலில் டீ நேரம். மூட்டை நிரப்புகிற மாரப்பனும், நிரப்பின மூட்டையைத் தைக்கிற ராக்கம்மாளும் டம்ளரோடு உட்கார்ந்திருந்தார்கள். தெய்வானை சாக்குகளை உதறி மடித்துக்கொண்டிருந்தாள்.

"என்னங்க, மிஷினு அமைஞ்சுதுங்களா?"

"ஏம்புள்ள, அதை ஏன் கேக்கற! சொன்னா நம்ப மாட்டீங்க."

"சொல்லுங்க, நம்பல" என்றாள் ராக்கம்மாள்.

சென்னியப்பன் கவிழ்த்துப் போட்டிருந்த டின்னின் மேல் உட்கார்ந்தார். உட்கார்ந்ததுமே பயம் போய்விட்டது. அவருக்கு அது ஒரு வரம்.

"மொதல்ல அந்தக் கொட்டகை இருக்குதே, நெம்பப் பெருசு. நான் உள்ள நொழையறப்போ சித்திரை மாசம். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடந்து வெளிய வந்தா வைகாசி."

"ஏனுங்ணா, நீங்க போயே ரெண்டு நாளுதானுங்களே ஆச்சு?" என்றான் மாரப்பன்.

"திரும்பி நடந்து வந்தேனல்லோ? மறுபடியும் சித்திரை ஆயிருச்சு. கேளு. மொத மிஷினு வேகத்துக்குன்னே செஞ்சது. காட்டுல மக்காச்சோளத்தை வெதைக்கறாங்க, இந்தப் பக்கம் தீவன மூட்டையா வந்து விழுகுது. நடுவுல முளைக்கறது, கதிர் விடறது ஒண்ணும் கெடையாது. அதை விக்கற ஆளு பக்கத்துல நின்னு பெருமை பேசிட்டிருந்தாரு. பேச்சு மும்முரத்துல ஒரு அடி முன்னால வெச்சுட்டாரு. புடிச்சுது, போட்டுது, தெச்சுது!"

"அய்யோ! ஆளையா?"

"ஆளைத்தான். அவரு எழுபத்திரெண்டு கிலோ. மிஷினு அம்பது கிலோவுக்கு வெச்சிருக்குது. அம்பதுக்கு ஒரு மூட்டை கட்டிட்டு, மீதி இருபத்திரெண்டை அடுத்த மூட்டையில போட்டிருச்சு. மனுசன் பாவம், ரெண்டு மூட்டையாத்தான் வீட்டுக்குப் போனாரு. சம்சாரத்துக்கு எதை மொதல்ல பிரிக்கறதுன்னு தெரியல."

ராக்கம்மாளுக்கு டீ புரையேறியது. தெய்வானை சிரிக்கவில்லை. "அது நமக்கு ஆகாதுங்க. அப்புறம்?"

"அதான் நானும் வேண்டான்னுட்டேன். அடுத்தது எடைக்குப் பேர்போனது. ஒரு ஈ வந்து உக்காந்துச்சு. ஈயோட எடையைக் காட்டுச்சு. அது போதாதுன்னு, அந்த ஈ காலையில எந்தக் கடையில ஜிலேபி தின்னுச்சுங்கறதையும் காட்டுச்சு. பக்கத்துல நின்னு பேசினா பேச்சையும் எடை போடுமாம். நெசம் லேசா இருக்குமாம், பொய்யின்னா முள்ளு எகிறுமாம்."

"நீங்க பக்கத்துல போனீங்களாண்ணா?"

"போனேன். முள்ளு அசையவே இல்ல."

"ஓ, அங்கயே ரிப்பேருங்களா?" என்றாள் ராக்கம்மாள்.

மாரப்பன் விழுந்து விழுந்து சிரித்தான். சென்னியப்பன் அசருகிற ஆளா? சிரிப்பு அடங்கும்வரை துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"சிரி, சிரி. மூணாவதைக் கேட்டா வாய் மூடிக்கும். நம்ம தீவனத்துக்குப் பெரிய தொந்தரவு என்ன? தூசி. இந்த மிஷினு தூசியை உறிஞ்சி எடுத்துரும். சுவிச்சைப் போட்டாங்க. தீவனத் தூசி போச்சு. செவுத்துச் சுண்ணாம்பு போச்சு. எங்கூட நின்ன ஆளு தலைக்குப் பூசியிருந்த சாயம் போச்சு. அப்புறம் அதுக்குப் பத்தாம பாலக்காட்டுக் கணவாய்க் காத்தையே இழுக்க ஆரம்பிச்சிருச்சு. வந்த காத்தை அப்படியே மூட்டை புடிச்சு, வாயைத் தெச்சு, வரிசையா அடுக்கிருச்சு. நேத்து நம்மூருக் காத்தாடி மில்லு ஒண்ணாவது சுத்துச்சா? நீங்களே சொல்லுங்க."

மாரப்பன் யோசித்தான். "நேத்து நெசமாவே நின்னுதானுங்ணா இருந்துச்சு."

"பாத்தியா!"

"கேப்பையில நெய் வடியுதுன்னா உனக்கெல்லாம் மதி எங்கடா போச்சு?" என்று ராக்கம்மாள் அவன் தலையில் தட்டினாள். "சரிங்ணா, காத்து மூட்டையில ஒண்ணு கொண்டாந்திருக்கலாமல்லோ? இங்க புழுங்கிச் சாகறோம்."

"கொண்டாந்தேன். பஸ்ஸுல கூட்டம். ஒருத்தன் மேல உக்காந்துட்டான், தையல் விட்டுப்போச்சு. பல்லடத்துல ஆகாசத்துல ஏறின பஸ்ஸு காங்கேயத்துல போயி எறங்குச்சு. அதனாலதான் வர நேரமாச்சு."

"மிஷினு எங்கீங்க?" என்று கேட்டாள் தெய்வானை. குரலில் கோபமும் இல்லை, அவசரமும் இல்லை. "நாளைக்குப் பாலக்காட்டுக்காரரு வந்துருவாரு."

இந்த இடம் வரும் என்று அவருக்குத் தெரியும். நெஞ்சு ஒரு தரம் திக்கென்றது. ஆனால் நாக்கு நெஞ்சைக் கேட்டுக்கொண்டா நடக்கும்?

"அங்கதான் புள்ள வில்லங்கம். கடைசியா ஒரு மிஷினு. அளவா பேசுது, அளவா நிரப்புது, நமக்குன்னே பொறந்த மாதிரி. எம்மேல அதுக்குப் பிரியம் ஆயிருச்சு. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் பின்னாடியே வந்துச்சு. கண்டக்டரு ஏத்த மாட்டேன்னுட்டான். அழுவுது! ஒவ்வொரு சொட்டும் அம்பது மில்லி, கூடவும் இல்ல, கொறையவும் இல்ல. எனக்கு மனசு கேக்கல. 'உங்கக்காகிட்ட ஒரு வார்த்தை சொல்லிப்போட்டு வந்து கூட்டிட்டுப் போறேன் சாமி'ன்னு சமாதானம் பண்ணிட்டு வந்திருக்கேன்."

தெய்வானை கடைசிச் சாக்கை மடித்து அடுக்கின் மேல் வைத்தாள். அப்போது பின்பக்கக் கொட்டகையில் ஒரு மோட்டார் உறுமியது.

எல்லோரும் எழுந்து போனார்கள். உள்ளே ஆள் உயரத்துக்கு மேலே ஒரு புது மிஷின். அதைப் பொருத்த வந்த பிட்டர்கள் இரண்டு பேர் அதன் வாயில் சாக்கை மாட்டினார்கள். தீவனம் சரசரவென்று இறங்கியது, ஐம்பதில் டக்கென்று நின்றது. சென்னியப்பனுக்குப் பேச்சு வரவில்லை. அவர் பிறந்ததிலிருந்து அப்படி நடந்ததில்லை.

"போன வாரமே நம்ம தீவனத்துல ரெண்டு மூட்டையை ஆட்டோவுல போட்டுட்டு மூணு மிஷின் பட்டறைக்குப் போனேனுங்க" என்றாள் தெய்வானை. "எல்லா எடத்துலயும் ரவையைப் போட்டு ஓட்டிக் காட்டினாங்க. ரவைதான் எதுலயும் ஓடுமே. பிசுபிசுன்னு ஒட்டற நம்ம வெல்லப்பாகுத் தீவனத்தைப் போட்டதும் ரெண்டு மிஷினு வாயடைச்சு நின்னு போச்சு. இதுல மட்டுந்தான் எறங்குச்சு. நீங்க இங்க இருந்தா இந்தப் பிட்டருங்க வேலையா பாப்பாங்க? கதைதான் கேப்பாங்க. அதான் உங்களைக் கோயமுத்தூருக்கு அனுப்பினேன்."

மாரப்பன் தரையைப் பார்த்தான். ராக்கம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

சென்னியப்பன் மிஷினை ஒரு சுற்று சுற்றி வந்தார். தட்டிப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"அட, இதேதான் புள்ள! அந்த மிஷினேதான்! 'பஸ்ஸு வேண்டாம் கண்ணு, லாரி புடிச்சு எனக்கு முன்னால போயிரு'ன்னு நாந்தான் காதோட சொன்னேன். பாரு, சொன்ன பேச்சு கேட்டு வந்து நிக்குது!"

தெய்வானை தலையை ஆட்டினாள். "நல்லதாப் போச்சுங்க. அப்ப நாளைக்கு விடியல்லயே மறுபடியும் அந்தக் கண்காட்சிக்கே போயிட்டு வந்துருங்க. பாலக்காட்டுக்காரரு வந்து போற வரைக்கும் அங்கயே இருங்க."

"நாளைக்கா? கண்காட்சிதான் ஞாயித்துக்கெழமையே முடிஞ்சு போச்சே புள்ள!"

"அப்ப நேத்துக் கணவாய்க் காத்தை இழுத்தது எதுங்ணா?" என்றாள் ராக்கம்மாள்.

"முடிஞ்சது தெரியுமுங்க" என்றாள் தெய்வானை. "வந்து சாக்கை மாட்டுங்க."