மலை மேல் மூன்று நாள்

"இருபது வருசமா எங்க கோயில்ல எனக்குத்தானுங்க முதல் பரிவட்டம். இந்த வருசம் என் தம்பிக்குக் கட்டிட்டாங்க. கூட்டத்துல என்னை இடிச்சுத் தள்ளிட்டுப் போனாங்க. இனி எந்த மூஞ்சியோட ஊருக்குப் போறது?"

இப்படிக் கேட்ட செங்கோடன் வீட்டை விட்டு வந்து ஒரு மாதம் ஆகியிருந்தது.

மலையடிவாரத்து மடத்துச் சாமியம்மா அவரைவிட இருபது வயது சின்னவள். கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள்.

"பரிவட்டம்னா என்ன துணி?"

"வெள்ளைத் துணிதானுங்க. பூசாரி தலையில சுத்திவிடுவாரு."

கொடியில் காய்ந்த வெள்ளைத் துண்டை எடுத்து நீட்டினாள்.

"நீங்களே கட்டிக்குங்க. மலை மேல மூணு நாள் இருங்க. அங்க நீங்கதான் முதல் ஆளு."

"கேலி பண்றீங்களா?"

"அவல் கட்டித் தரேன். தண்ணிக்குச் சுனை இருக்கு."

ஏறினார்.

முதல் நாள் பாறையில் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஆடுகள் வந்தன. ஒன்றும் ஒதுங்கிப் போகவில்லை. ஒன்று மட்டும் துண்டின் நுனியை மென்று பார்த்துவிட்டுத் துப்பியது.

இரண்டாம் நாள் ஏதாவது ஒரு குரல் கேட்டால் போதும் என்றிருந்தது. இருமிப் பார்த்தார்.

இந்நேரம் வீட்டில் பெண்சாதி சோறு வடித்திருப்பாள். ஒருத்திக்கு எவ்வளவு வடிப்பாள்?

மூன்றாம் நாள் ஒரு விறகுக்காரி வந்தாள். அவரைவிட மூத்தவள்.

"ஏனுங்க, கொஞ்சம் நில்லுங்க." ஊரில் எந்த விறகுக்காரியையும் அவர் அப்படிக் கூப்பிட்டதில்லை.

அவள் திரும்பிப் பார்த்தாள்.

"தலையில என்ன, காயமா?"

"இல்லீங்க."

"பின்ன எதுக்குச் சுத்தியிருக்கே?"

துண்டைத் தொட்டுப் பார்த்தார்.

"சரி, அவுத்துச் சும்மாடு சுருட்டி வெய்யி. இந்த விறகுல பாதியை நீ தூக்கு. பேரென்ன?"

யோசித்துத்தான் சொல்ல வேண்டியிருந்தது. ஊரில் எல்லோருக்கும் அவர் பெரியவீட்டுக்காரர்.

"செங்கோடன்."

"செங்கோடா, குனி."

சாயங்காலம் மடத்து வாசலைத் தாண்டி இரண்டு விறகுச் சுமைகள் போயின. பின்னால் போனவர் பேசிக்கொண்டே போனார். நிறுத்தவே இல்லை.

மடத்துச் சமையல்காரர் எட்டிப் பார்த்தார்.

"மலைக்குப் போன நம்ம ஆளுதானுங்க சாமியம்மா. பதில் கேக்க வந்தவரு, உள்ள வராமப் போறாரு. கூப்பிடட்டுமா?"

"வேண்டாம். அவர் ஊருக்கும் அதுதான் வழி."