சாமிக்குப் பெயர் வைத்த பண்டிதர்

ரொம்ப காலத்துக்கு முன்னால் கொன்றைக்குடி நாட்டை வச்சிரதரன் என்று ஒரு ராஜா ஆண்டான். காலையில் ஒரு சட்டம் போட்டுச் சாயங்காலம் அதை மாற்றுகிற ஆள். தேர்த் திருவிழாவில் ஜனங்கள் ஆளுக்கொரு பெயர் சொல்லிச் சாமியைக் கூப்பிட்ட சத்தத்தில் அவனுக்குத் தலைவலி வந்துவிட்டது. "ராஜா எனக்கே ஒரு பேர்தான். சாமிக்கு மட்டும் எதுக்கு ஆயிரம்?" என்றான்.

ஆஸ்தானத்துச் சதுர்முகப் பண்டிதர் மூன்று மாதம் ஏட்டைப் புரட்டி ஒரு பெயரைக் கட்டிக்கொண்டு வந்தார். 'அகண்டபரிபூரணநிர்விகாரநிரந்தரானந்தன்.' ராஜா அவருக்குச் சால்வை போர்த்தினான். இனி சாமியை வேறு விதமாகக் கூப்பிட்டால் மொட்டையடித்து எல்லைக்கு வெளியே துரத்துவார்கள் என்று தண்டோரா போட்டாயிற்று.

நண்டு விற்கிற அங்காயியும் அதைக் கேட்டாள். ஆனால் மறுநாள் அடித்த காற்றில் அவள் குடிசைக் கூரை பறந்துபோய்க் குளத்தில் விழுந்தது. போன மாதம்தான் வேய்ந்த கூரை. நண்டுக் கூடையோடு தெருவில் நின்று வானத்தைப் பார்த்து, "ஏ சாமி, உனக்குக் கண்ணு அவிஞ்சா போச்சு? ஊர்ல என் கூரைதான் கெடச்சுதா?" என்றாள். கெட்ட நேரம், அந்த வழியாகப் பண்டிதரின் பல்லக்கு போனது.

கூடையும் கையுமாகச் சபையில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அங்காயி யோசித்துப் பார்த்தாள். இங்கே நாலு மண்சுவராவது மிச்சம் இருக்கிறது. எல்லைக்கு அந்தப் பக்கம் அவளுக்கு யாரைத் தெரியும்?

"அந்தப் பேரு மனப்பாடம்தான் மவராசா. மனசு பதறும்போது வாயில வரல" என்றாள்.

"பக்தி இருந்தால் வரும்" என்றார் பண்டிதர். "நெருப்பில் நின்றாலும் என் வாயில் அந்த நாமம்தான் வரும்."

அங்காயி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "வந்துட்டா நான் பேசாம ஊரைவிட்டுப் போறேன். வரலேன்னா?"

ராஜாவுக்கு இப்படிப்பட்ட வம்பு என்றால் வெல்லம். "வராவிட்டால் உனக்குக் கூரை, அவருக்கு மொட்டை" என்றான்.

"அப்போ பெரியவங்க ஆசீர்வாதம் பண்ணணும்" என்று அங்காயி கூடையைப் பண்டிதரின் பக்கத்தில் வைத்துவிட்டுக் காலில் விழுந்தாள். விழுந்தவள் கை மூடியின் கயிற்றை உருவிவிட்டது. உயிர் நண்டு ஒன்று வெளியே வந்து, கையகலக் கொடுக்கால் பண்டிதரின் கால் கட்டைவிரலைக் கவ்வியது.

பண்டிதர் ஒரு முழம் எகிறினார். சால்வை ஒரு பக்கம் போனது, ஏடு ஒரு பக்கம் போனது. "அடேய் சாமி, உனக்குக் கண் அவிந்தா போயிற்று?"

சபை மொத்தமும் ராஜாவைத் திரும்பிப் பார்த்தது.

"அந்த நாமம் என்ன ஆயிற்று?" என்று கேட்டான் ராஜா.

பண்டிதர் விரலைப் பிடித்துக்கொண்டு, "அதைச் சொல்லி முடிப்பதற்குள் விரல் போயிருக்கும் மகாராஜா" என்றார்.

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். நாவிதனைக் கூப்பிடப் போன சேவகனை அங்காயி தடுத்தாள். "அவரு மயிரு என்ன பாவம் பண்ணுச்சு? விட்டுருங்க. கூரைக்கு ஓலை சுமக்க ஆள் இல்ல, அவரை அனுப்புங்க."

ராஜா சரி என்றான். பிறகு குரலைத் தாழ்த்தி, "உண்மையில் சாமிக்கு என்னதான் பேர்?" என்று கேட்டான்.

"எனக்கென்ன தெரியும் மவராசா? உங்களைத் திட்டினா எல்லைக்குத் துரத்துவீங்க. மாமியாளைத் திட்டினா சோறு கிடைக்காது. திட்டினாலும் திருப்பி அடிக்காத ஆளு அந்த ஒருத்தன்தான். அவன் பேரை எவன் கேட்டான்?"

அன்று சாயங்காலமே சட்டம் போயிற்று. மறுநாள் பண்டிதர் நொண்டிக்கொண்டே ஓலை சுமந்தார். ராஜா தனியாகக் கோயிலுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு நாழிகை இருந்தான். உள்ளே என்ன சொன்னான் என்று எல்லாரும் கேட்டார்கள். வாசலில் நின்றிருந்த பூசாரி, வாயால் சொல்லத்தக்கது ஒன்றும் தன் காதில் விழவில்லை என்று மட்டும் சொன்னார்.