பல்லி ஏன் உச்சுக் கொட்டுகிறது

அந்தக் காலத்தில் பல்லிக்குப் பேச்சு இருந்தது. தேனெடுக்கிற மலைக்குடி ஒன்றில், ஒரு வீட்டுத் தலைவாசலுக்கு மேலே, வெளிச்சுவரில் அது வாழ்ந்தது. இடத்தைவிட்டு நகராது. கண்டதையெல்லாம் மனதில் சேர்த்து வைத்து, வரப்போவதைச் சொல்லும். எந்த மேகம் பெய்யும், எந்த ஆடு ஈனும் என்று அது சொன்னது தப்பியதில்லை.

ஆற்றங்கரை ஊரிலிருந்து அங்கே வாழ்க்கைப்பட்டு வந்தவள் மாதி. வந்த சில நாளில் அவள் புருஷன் பொம்மன் முகமெல்லாம் சாம்பல் பூசிக்கொண்டு தேனுக்குக் கிளம்பினான்.

“பயமா இருக்கா?” என்று அவளைக் கேட்டான்.

“இந்த மூஞ்சியைப் பார்த்துத் தேனீதான் பயப்படணும்,” என்றாள்.

அவன் சிரித்துக்கொண்டே தலைவாசல் வழியாக இறங்கிப் போனான். அவன் மறைந்ததும் மாதி அண்ணாந்து கேட்டாள்.

“பல்லியாரே, இவர் திரும்பிடுவார்தானே?”

பல்லி சொன்னது: “சாம்பல் பூசிப் போனவங்க எத்தனையோ பேரைப் பார்த்துட்டேன் தாயி. அதுல ஒரு முகம்கூட இந்த வாசலுக்குத் திரும்பலை.”

பொழுது சாய்கையில் கொல்லைக் கதவைத் தட்டும் சத்தம் கேட்டது.

“மாதி, திற.”

குரல் தடித்துக் குழறியது. இடுக்கில் பார்த்தாள். வெளியே நின்ற முகத்தில் கண்கள் இல்லை. வீங்கிய சதைதான் இருந்தது. வாசலுக்கு ஓடினாள்.

“யாரோ அவரை மாதிரி கூப்பிடறாங்க.”

“போனவர் வரமாட்டார்,” என்றது பல்லி. “வந்திருக்கிறது அவர் இல்லை. திறக்காதே.”

அவள் உரலை உருட்டிக் கதவுக்கு முட்டுக் கொடுத்தாள். “தண்ணி,” என்றது குரல். காதைப் பொத்திக்கொண்டாள். பிறகு குரல் இல்லை.

காலையில் பொம்மனின் தங்கை நஞ்சி வந்தாள். கொல்லையில் அண்ணன் தலையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள்: “ஏன் அண்ணி திறக்கலை? தேனுக்குப் போனவங்க கொல்லை வழியாத்தானே வருவாங்க. துரத்தி வர்ற ஈக்குத் தலைவாசல் தெரியக்கூடாதே. அண்ணன் சொல்லலையா?”



பல்லி முதன்முதலாகக் கூரை ஏறிக் கொல்லைப் பக்கம் வந்தது. நிலைக்காலில் சாம்பல் கைத்தடங்கள் ஒன்றின்மேல் ஒன்றாகப் படிந்திருந்தன. திரும்பி வந்தவர்களின் கைகள். எல்லாவற்றுக்கும் கீழே, தரையை ஒட்டி, புதிதாக ஒன்று.

பல்லி பொய் சொல்லவில்லை. அது கண்டது அத்தனையும் நிஜம். அப்படியானால் பொம்மனைக் கொன்றது எது? எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

மாதியிடம் ஏதோ சொல்ல அது வாய் திறந்தது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டி ஒட்டிப் பிரிந்ததே தவிர, சொல் வரவில்லை.

அன்று முதல்தான் பல்லி பேச்சை இழந்து, சுவரில் இருந்தபடி உச்சுக் கொட்டுகிறது. நாமோ அதிலும் நாளைய சேதியைத் தேடி, சத்தம் எந்தத் திசையில் கேட்டது என்று திரும்பிப் பார்க்கிறோம்.