நெற்றியில் கிடங்கின் பெயர்

அந்தக் காலத்தில் கணினிக்குள் குடியிருந்த நிரல்கள் ஒன்றோடொன்று வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்தன. எல்லா வேலையையும் தனியாகச் செய்யத் தெரிந்த நிரல் எதுவும் இல்லை. பொது வேலைகளுக்குப் பொதுவான துணையாட்கள் இருந்தார்கள். பெரிய தகவலைச் சின்னதாக மடிக்கவும், மடித்ததை விரிக்கவும் தெரிந்த மடிப்பன் அவர்களில் ஒருவன். வேலைக்கு எழும் நிரல் அவன் பெயரைச் சொல்லும். ஏற்றி என்பவன் துணையாட்கள் தங்கும் கிடங்குக்கு ஓடிப்போய் அவனைக் கூட்டிவருவான்.

மீன்பிடித் துறைமுகத்தில் வேலைபார்த்த பிலோமினாவின் கணினியில் வெகுகாலம் ஒரே கிடங்குதான். அதன் பொறுப்பாளர் அண்ணாச்சி; விழுந்த நிரல்களைச் சரிபண்ணி எழுப்புவதும் அவர்தான். அவரிடம் சரக்கு பழையது, ஆனால் கெடாதது. பிறகு புதுச்சரக்கோடு வேறொருவன் வந்து பக்கத்திலேயே கிடங்கு போட்டான். அவன் கொண்டுவந்த நிரல்தான் வரைவி. காற்றையும் அலையையும் படமாக வரைவாள். அந்தப் படத்தைப் பார்த்துத்தான் படகுகள் கிளம்ப வேண்டும்.

வரைவி வேலைக்கு எழுந்தாள், மடிப்பனைக் கூப்பிட்டாள், விழுந்தாள். மறுபடி எழுந்தாள். மறுபடி விழுந்தாள். வந்தவன் நல்ல ஆளாகத்தான் தெரிந்தான். ஆனால் அவள் கேட்ட மடிப்பு அவனுக்குத் தெரியவில்லை.

"இன்னொரு தடவை விழட்டும், தூக்கிப் போட்டுடறேன்," என்றாள் பிலோமினா.

வரைவி நேராக அண்ணாச்சியிடம் போனாள். "உங்க மடிப்பனுக்கு ஒண்ணும் தெரியலையே?"

"ஏம்மா, இங்க எல்லாரும் அவனை வெச்சுத்தான் பிழைக்கிறாங்க. உனக்கு மட்டும் ஆகலையாக்கும்?"

"நான் உங்க சரக்கு இல்லங்கிறதுதானே விஷயம்?"

"உன்னை நான் கொண்டாரலை. உனக்கு என்ன வேணும்னு எனக்கெப்படித் தெரியும்?" என்று அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். திருப்பிய வேகம் அவளுக்குப் பிடிக்கவில்லை.

ஏற்றியை மடக்கினாள். "யார் சொல்லி இவனைக் கூட்டியாந்த?"

"மடிப்பன்னு கேட்டீங்க, கூட்டியாந்தேன். எந்த மடிப்பன்னு சொன்னீங்களா?"

"எத்தனை மடிப்பன் இருக்கான்?"

"கிடங்குக்கு ஒருத்தன். கிடங்குப் பேரெல்லாம் எழுதியிருக்கிற இந்தப் பலகையில எது மேல இருக்கோ அங்க முதல்ல போவேன். ஆள் கிடைச்சா திரும்பிடுவேன். மிச்சக் கிடங்குல எனக்கென்ன ஜோலி?"

பலகையில் அண்ணாச்சியின் கிடங்கு மேலே இருந்தது. எழுதியது யார் என்று கேட்டதற்கு, யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்றான் ஏற்றி. அண்ணாச்சியேதான் எழுதியிருப்பார் என்று அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டதுபோல் இருந்தது. புதுக் கிடங்குக்காரன் பின்னாலிருந்து மெதுவாகச் சொன்னான்: "அழிச்சிடு. நம்ம கிடங்கை மேல போடு. அவருக்கு வலிச்சா அவர் வந்து பேசட்டும்."

வரைவி பலகையை அழித்து மாற்றி எழுதினாள்.

உடனே அவளுடைய மடிப்பன் வந்தான். கேட்ட மடிப்பை விரித்தான். கடல் முழுவதும் திரையில் எழுந்தது. அதே சமயம் அச்சடிக்கும் நிரல் வேலைக்கு எழுந்து மடிப்பனைக் கூப்பிட்டது. புதியவன் போய் நின்றான். "அந்தப் பழைய மடிப்பையெல்லாம் நாங்க விட்டாச்சுங்க," என்றான். அச்சுக்காரன் விழுந்தான். கடிதம் அனுப்புபவன் விழுந்தான். படம் திரையோடு நின்றுவிட்டது, படகுகளுக்குப் போகவில்லை.

"அண்ணாச்சி, வந்து சரிபண்ணுங்க!" என்று வரைவி கத்தினாள்.

அண்ணாச்சி எழுந்தார். சரிபண்ணும் சரக்கு மூட்டையைப் பிரிக்க அவருக்கும் மடிப்பன் தேவைப்பட்டான். வந்ததோ புதியவன்; அவனை ஏற இறங்கப் பார்த்தார். அப்படியே சரிந்தார்.

"எல்லாரையும் எழுப்பறவன் நான். என்னை யாரும்மா எழுப்புவா?" என்றார் கிடந்தபடியே.

புதுக் கிடங்குக்காரன் தோளைக் குலுக்கினான். "அது என் சரக்கு இல்ல."

மேலே பிலோமினாவின் குரல் கேட்டது: "மொத்தத்தையும் அழிச்சிட்டுப் புதுசாப் போட வேண்டியதுதான்."

நின்றுகொண்டிருந்தவள் வரைவி ஒருத்திதான். பலகையைப் பழையபடி எழுதினால் எல்லாரும் எழுவார்கள், அவள் விழுவாள், பிலோமினா அவளைத் தூக்கிப் போடுவாள். எழுதாவிட்டால் யாருமே மிஞ்சப்போவதில்லை. யாரிடமும் யோசனை கேட்க அவளுக்கு மனமில்லை. அண்ணாச்சியை நம்பவில்லை. தன்னைக் கொண்டுவந்தவனை இப்போது அதைவிட நம்பவில்லை.

ஆணி ஒன்றை எடுத்துத் தன் நெற்றியில் கீறினாள்: என் மடிப்பன் இன்ன கிடங்கில், இன்ன அடுக்கில்.

"நான் கூப்பிட்டா முதல்ல இதைப் படி. அப்புறம்தான் உன் பலகை," என்றாள் ஏற்றியிடம்.

"என்மேல நம்பிக்கை இல்லையா?"

"இல்லை."

பலகையைப் பழையபடி திருத்திவிட்டுப் படுத்துக்கொண்டாள். அண்ணாச்சி எழுந்தார், மற்றவர்களும் எழுந்தார்கள். பிலோமினா கடைசியாக ஒருமுறை வரைவியை அழைத்தாள். ஏற்றி குனிந்து நெற்றியைப் படித்தான், முனகினான், புதுக் கிடங்கை நோக்கி ஓடினான். படகுகளுக்குப் படம் போய்ச் சேர்ந்தது.

வெளியிலிருந்து வரும் நிரல்கள் தம் துணையாட்கள் இருக்கும் இடத்தைத் தம்மேலேயே எழுதிக்கொண்டு வருவது அன்றைக்குத் தொடங்கியதுதான். எழுதாமல் வந்தவை, ஒரே பெயரில் இரண்டு துணையாட்கள் இருக்கும் கணினியில், இன்றும் வாசலிலேயே விழுகின்றன.