எந்தக் காலு, டாக்டரு?

அட, எல்லாரும் உக்காருங்க, வாயைக் கொஞ்சம் மூடுங்க. பெரிய டாக்டரு பரஞ்சோதி ரவுண்ட்ஸ் வந்தா வார்டே விறைச்சு நிக்கும். அன்னிக்குப் படுக்கையில கெடந்த பேச்சிமுத்துவோட கால்விரலை எடுக்கணும்னாரு. பேச்சிமுத்து அதிகம் பேசாத ஆளு. "ஏன்னு சொல்லுங்க, கையெழுத்துப் போடறேன்"னாரு, அவ்வளவுதான்.

டாக்டரு தொண்டையைச் செருமி, "இன்னிக்கு என்ன தேதி?"ன்னாரு. பேச்சிமுத்து முழிச்சாரு.

"சிஸ்டர், புத்தி தெளிவில்லன்னு எழுதுங்க. இவரு மகன் கையெழுத்துப் போதும்."

ஸ்ட்ரெச்சர் தள்ளுற செங்கமலத்துக்குப் பொறுக்கல. கேஸ் ஷீட்டை எடுத்து முதுகுக்குப் பின்னாடி வெச்சுக்கிட்டு, "ஐயா, எடுக்கப்போறது எந்தக் காலு விரலு?"ன்னு கேட்டா.

"அது வந்து... இந்த..."ன்னு இழுத்துக்கிட்டே டாக்டரு போர்வையைத் தூக்கப் போனாரு. பேச்சிமுத்து அதை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டாரு.

செங்கமலம் நர்ஸு பக்கம் திரும்பினா. "சிஸ்டர், டாக்டருக்கும் தெளிவில்லன்னு எழுதிக்கங்க. அவரு மகனை வரச் சொல்லுங்க."