கஸ்பார் தண்டல் ரேடார் படித்த கதை

இந்தக் கதையில் வரும் குருவுக்குத் தாடி கிடையாது. சல்வார் கமீஸ், காலில் கான்வாஸ் ஷூ, தோளில் ஒரு டூல் பை. பெயர் பெர்பெத்துவா. ஒன்பது வருஷம் வெளிநாட்டுக் கப்பல்களில் எலக்ட்ரிக்கல் ஆபீசராக இருந்துவிட்டுத் தூத்துக்குடிக்குத் திரும்பியவர். வயது முப்பத்தாறு. பழைய துறைமுகத்தில் எல்லோருக்கும் அவர் டீச்சர்.

சீடனுக்கு வயது ஐம்பத்து நாலு. பெயர் கஸ்பார். சரக்குத் தோணியைக் கொண்டுபோகும் தலைவனுக்கு இங்கே தண்டல் என்று பெயர். கஸ்பார் முப்பத்தொரு வருஷத் தண்டல். மாலத்தீவுக்கு வெங்காயமும் செங்கல்லும் ஏற்றிப் போய், ஒரு தடவைகூட எங்கேயும் தட்டாமல் திரும்பி வந்தவர். இதை அவரே சொல்வார். யாரும் கேட்காவிட்டாலும் சொல்வார்.

அந்த வருஷம் தல்மெய்தா முதலாளி தம் தோணி 'மரிய ஸ்டெல்லா'வில் ரேடார் மாட்டினார். கூடவே ஒரு பேச்சும் வந்தது.

"இன்சூரன்ஸ்காரன் கேக்கான்வே. ரேடார் படிச்சாச்சுன்னு டீச்சர் கையெழுத்துப் போட்ட தாள் இருந்தாத்தான் சுக்கான் உம்ம கையில. இல்லேன்னா புதன்கிழமை ரெமிஜியுஸ் தண்டல் தோணி எடுப்பாரு."

ரெமிஜியுஸ், கஸ்பாரைவிடப் பத்து வயது சின்னவர். அவரிடம் அந்தத் தாள் ஏற்கெனவே இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை டீச்சர் தோணிக்கு வந்தார். சுக்கான் அறையில் ரேடார் திரை கறுப்பாக உட்கார்ந்திருந்தது.

"பிள்ளே, இதுல படிக்க என்ன இருக்கு? டி.வி. மாதிரி ஒரு பொட்டி. பட்டனை அமுக்கினா ஓடுது."

"அமுக்குங்க."

கஸ்பார் விரலை நீட்டினார்.

"மேல பாத்தீங்களா?"

"பொட்டி இங்கல்லா இருக்கு. மேல என்ன?"

டீச்சர் வெளியே போய் அண்ணாந்து பார்த்தார். கஸ்பாரும் போய்ப் பார்த்தார்.

சுக்கான் அறையின் கூரைமேல் ஒரு தூண். தூணின் உச்சியில் ரேடாரின் ஸ்கேனர், நாலடி நீளத்தில், பலகை மாதிரி ஒரு கை. அந்தக் கையில் ஒரு கட்டம் போட்ட லுங்கியும் இரண்டு பனியனும் காய்ந்துகொண்டிருந்தன. தோணிச் சமையல்காரர், பண்டாரி சவேரி, கூரைமேல் நின்று வாயில் கிளிப்பைக் கவ்வியபடி மூன்றாவது பனியனை உதறினார். தோணியில் அதைவிட நல்ல காற்று வரும் இடம் கிடையாது. மாட்டிய நாளிலிருந்து அதுதான் அவருக்குக் கொடி.

"சவேரி அண்ணே, அந்தக் கை இப்போ சுத்துனா என்ன ஆகும்?"

சவேரி வாயிலிருந்து கிளிப்பை எடுத்தார். "இது சுத்துமா?"

"சுத்தும். தலையில அடிக்கும். அடிக்கலேன்னாலும், அதுலேருந்து வர்ற அலை பக்கத்துல நிக்கிறவன் கண்ணுக்கு ஆகாது." டீச்சர் கஸ்பார் பக்கம் திரும்பினார். "இன்னைக்குப் பாடம் அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா? இன்னும் பட்டனே அமுக்கலையே பிள்ளே!"

டீச்சர் பையை எடுத்துக்கொண்டு பலகையில் இறங்கிப் போய்விட்டார்.

*

சனிக்கிழமை கஸ்பார் மேலே பார்த்துவிட்டுத்தான் உள்ளே வந்தார். சவேரியை இறங்கச் சொன்னார். லுங்கியையும்தான். பட்டனை அமுக்கி, பெட்டி சூடாக இரண்டு நிமிஷம் பொறுத்தார். பிறகு ஓடவிட்டார்.

தோணி முயல்தீவைத் தாண்டியது. காற்று பலமாக இருந்தது. திரை முழுக்கப் பொரிப்பொரியாகப் புள்ளிகள்.

"என்ன பிள்ளே இது, அம்மை போட்ட மாதிரி?"

"கடல் அலை. மேலருந்து போற ரேடார் அலை ஒவ்வொண்ணுலயும் பட்டுத் திரும்பி வருது."

"எடுக்க முடியாதா?"

"அந்தக் குமிழைத் திருகினா குறையும்."

கஸ்பார் திருகினார். புள்ளிகள் குறைந்தன. இன்னும் திருகினார். இன்னும் குறைந்தன. கடைசி மட்டும் திருகிவிட்டு, சட்டை நுனியால் திரையையும் ஒரு துடை துடைத்துவிட்டு, இடுப்பில் கைவைத்து நின்றார். வாழ்க்கையில் முதல்முறை அடுப்படி மேடையைத் துடைத்த ஆண்பிள்ளை இப்படித்தான் நிற்பான்.

"எப்படி?"

"பளிச்சுன்னு இருக்கு" என்றார் டீச்சர். பையிலிருந்து ஒரு பழைய போர்வையை எடுத்து, சுக்கான் அறையின் முன்கண்ணாடியை மறைத்துக் கட்டினார். "இப்போ மழை கொட்டுது, கண்ணு தெரியலைன்னு வச்சுக்கங்க. திரையைப் பாத்து ஓட்டுங்க. மெதுவா. முன்னால என்ன இருக்கு?"

"ஒண்ணுமில்ல. கடல் காலி."

"அப்போ நேரா போங்க."

டீச்சர் வாசலில் நின்று வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். கை எஞ்சின் லீவரில் இருந்தது. கஸ்பார் திரையைப் பார்த்தபடி சுக்கானைப் பிடித்திருந்தார். கறுப்பு. சுத்தமான கறுப்பு. அவருக்கு ஒரு பாட்டுகூட வந்தது.

டீச்சர் லீவரை இழுத்தார். எஞ்சின் ஓய்ந்தது. தோணி தானாக ஊர்ந்து நின்றது. டீச்சர் போர்வையை உருவினார்.

எதிரே கூப்பிடு தூரத்தில் ஒரு ஃபைபர் வள்ளம். அதற்கு இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் ஒன்று. நடுவில் இருந்தவன் வலையைக் கையில் பிடித்தபடி எழுந்து நின்றிருந்தான்.

"ஏய் தண்டலு! கண்ணு என்ன பொறத்தாலயா இருக்கு?" என்று கத்தினான். பிறகு கண்ணைச் சுருக்கிப் பார்த்தான். "யாரு, கஸ்பார் மாமாவா? நீரா வேய்? முடியலேன்னா வீட்டுல இருக்க வேண்டியதுதானே!"

முப்பத்தொரு வருஷத்தில் கடலில் யாரும் கஸ்பாரை அப்படிக் கேட்டதில்லை. சாயங்காலத்துக்குள் இது சந்தைவரைக்கும் போய்விடும். அவருக்குத் தெரியும்.

திரையை மறுபடி பார்த்துவிட்டு, "பொட்டியில ஒண்ணும் காட்டலையே" என்றார்.

"காட்டுச்சு. நீங்கதான் பெருக்கித் தள்ளிட்டீங்க. குப்பையோட கம்மலும் போயிருச்சு."

*

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு கஸ்பார் டீச்சர் வீட்டுக் கதவைத் தட்டினார். டீச்சர் இட்லி மாவுக் கரண்டியோடு வந்து திறந்தார்.

"குமிழைத் திருகாட்டி எல்லாம் குப்பை. திருகினா வள்ளம் போயிருது. எவ்வளவு திருகணும் டீச்சர்?"

பிள்ளே போய் டீச்சர் வந்திருந்தது. இரண்டு பேருமே அதைக் கவனிக்காத மாதிரி இருந்தார்கள்.

"பனிமய மாதா திருவிழாவுல உங்க பேத்தி கூட்டத்துல தொலைஞ்சிருக்காளா?"

"போன வருஷம் தொலைஞ்சா."

"கூட்டத்தைக் கலைச்சுட்டா தேடுனீங்க?"

"கூட்டத்துக்குள்ள போய்த்தான். எல்லாரும் இடிச்சுக்கிட்டு அங்கயும் இங்கயும் அலையுதாங்க. அவ ஒருத்திதான் பலூன்காரன் பக்கத்துல நின்ன இடத்துலயே நின்னா."

டீச்சர் கரண்டியை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டார்.

கஸ்பார் தலையைச் சொறிந்தார். பிறகு சொறிவதை நிறுத்தினார்.

"அலைப்புள்ளி குதிச்சுக் குதிச்சு இடம் மாறும். வள்ளம் மாறாது. அந்தக் கை மூணு சுத்து வந்தாலும் அதே இடத்துல இருக்கும்."

"இட்லி சாப்பிடுறீங்களா?" என்றார் டீச்சர்.

*

திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் போர்வை கட்டித்தான் ஓட்டம். கஸ்பார் குமிழை மெல்லத் திருகி, கொஞ்சம் பொரியை அப்படியே விட்டுவைத்தார். திரையைப் பார்த்தார். பிறகு இன்னும் கொஞ்சம் பார்த்தார்.

"எத்தனை?" என்று செவ்வாய்க்கிழமை டீச்சர் கேட்டார்.

"ஏழு வள்ளம். எட்டாவது சந்தேகம்."

போர்வை இறங்கியது. எட்டு இருந்தன.

"தப்பாச் சொல்லிட்டேனே."

"சந்தேகம்னு சொன்னீங்கல்லா. அதுக்குத்தான் மார்க்கு."

"அப்போ கையெழுத்து?"

"இன்னும் ஒரு பரீட்சை இருக்கு."

"நாளைக்குத் தோணி கிளம்புது டீச்சர்! எப்போ அந்தப் பரீட்சை?"

"வரும்போது நான் சொல்ல மாட்டேன்."

கஸ்பார் அன்றைக்கு வீட்டில் யாரோடும் பேசவில்லை. அவர் மனைவிக்கு அது பெரிய நஷ்டமாகத் தெரியவில்லை.

*

புதன்கிழமை காலை பங்குச் சாமியார் வந்து தோணியை மந்திரித்துத் தீர்த்தம் தெளித்துவிட்டுப் போனார். கரையில் கூட்டம். ரெமிஜியுஸ் தண்டல் துணிப்பையைக் கையில் பிடித்தபடி, யாரையும் பார்க்காமல் நின்றிருந்தார். எப்போது கூப்பிட்டாலும் ஏறத் தயார் என்று அந்தப் பை சொன்னது.

தல்மெய்தா முதலாளி குடும்பத்தோடு சுக்கான் அறைக்கு வந்தார். மருமகள் போனில் வீடியோ எடுத்தாள். டீச்சர் மூலையில் தாளும் பேனாவுமாக நின்றார்.

"கஸ்பாரை எங்க?"

"மேல இருக்காரு" என்றார் டீச்சர்.

உண்மைதான். கஸ்பார் காலையில் வந்ததும் செய்த முதல் வேலை அண்ணாந்து பார்த்தது. ஸ்கேனரின் கையில் ஒரு ஆள் உயர மாலை தொங்கியது. சம்பங்கியும் ரோஜாவும். அதன் ஒரு முனை கூரைக் கம்பியில் இறுகக் கட்டியிருந்தது. எல்லாத் தோணியிலும் மாலை அணியத்தில், முன்மூக்கில்தான் போடுவார்கள். ஆனால் இந்த வருஷம் தோணியிலேயே பெருமையான பொருள் ரேடார் அல்லவா? மாலை அதற்குத்தான் என்று முதலாளி சொல்லி, சவேரி கட்டியது.

கஸ்பார் சுக்கான் அறைக்குள் வந்து ஏதோ செய்துவிட்டு, கத்தியோடு கூரையில் ஏறினார். தூணைக் கட்டிப்பிடித்து, முகத்துக்கு நேரே ஸ்கேனர் இருக்க, முடிச்சை அறுத்துக்கொண்டிருந்தார்.

கீழே முதலாளிக்கு இது எதுவும் தெரியாது.

"அவரு வர்றது வரட்டும். நானே போட்டுக் காட்டுதேன். எடும்மா வீடியோ."

டீச்சர் நிமிர்ந்தார். கை பாதி தூரம் போனது. அதற்குள் முதலாளி பட்டனை அமுக்கிவிட்டார்.

திரை கறுப்பாகவே இருந்தது.

மறுபடி அமுக்கினார். மூன்றாவது தடவை பெருவிரலால் குத்தினார். ஒரு சின்ன விளக்குகூட எரியவில்லை.

"என்னவே இது! மந்திரிச்ச அன்னைக்கே செத்துப்போச்சா? யாரு இதுல கையை வச்சது?"

ஏணியில் காலடிச் சத்தம் கேட்டது. கஸ்பார் இறங்கி வந்தார். தோளில் மாலை. சட்டையெல்லாம் சம்பங்கி.

"நான்தான் முதலாளி."

"மாலையை ஏன்வே அவுத்தீரு? சாமியார் தீர்த்தம் தெளிச்ச மாலை!"

"அணியத்துல கட்டுதேன். அங்கதான் அதுக்கு இடம். மேல கெடந்தா, அந்தக் கை சுத்தும்போது மாலையோட கம்பியையும் இழுக்கும். முறிஞ்சு விழும்."

"சரி, பொட்டிக்கு என்ன கேடு?"

கஸ்பார் சட்டைப்பைக்குள் கைவிட்டார். செபமாலை வந்தது. அதன் சிலுவையில் சிக்கிக்கொண்டு, சுண்டுவிரல் நுனி அளவில் ஒரு கண்ணாடிக் குழலும் வந்தது. ரேடாரின் ஃபியூஸ்.

மருமகள் போனைத் தாழ்த்தினாள்.

"இதை நான் சொல்லித் தரலையே" என்றார் டீச்சர்.

"இல்ல டீச்சர். நானாத்தான். மேல ஏறுதவன் உசுரு, கீழ நிக்கிறவன் விரல்ல இருக்கப்படாதுன்னு தோணுச்சு. அதான் கையோட கொண்டு போயிட்டேன்." கஸ்பார் ஃபியூஸை உள்ளங்கையில் வைத்து நீட்டினார். "தப்பா?"

டீச்சர் தாளைத் திரைமேல் வைத்துக் கையெழுத்துப் போட்டார். தேதி எழுதினார். கஸ்பார் பெயருக்கு முன்னால் 'தண்டல்' என்று தம் கையால் சேர்த்து எழுதினார்.

கரையில் ரெமிஜியுஸ் இதைக் கண்ணாடி வழியே பார்த்தார். துணிப்பையைத் தோளில் போட்டுக்கொண்டார். கஸ்பாரைப் பார்த்து ஒரு தடவை கையைத் தூக்கிவிட்டுத் தம் வழியே நடந்தார்.

முதலாளிக்குத்தான் ஆறவில்லை.

"நல்லாருக்கே! இன்னும் பொட்டியே எரியலை. அதுக்குள்ள எதைப் பாத்து டீச்சர் கையெழுத்துப் போட்டீங்க?"

டீச்சர் பேனாவை மூடினார்.

"நீங்க மூணு தடவை அமுக்குனீங்க முதலாளி. ஒண்ணும் நடக்கலை. அதைப் பாத்துத்தான்."